குதிரையின் கால் யார் பக்கம்?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால், உள்ளே கல்யாணப் பேச்சோ கருமாதியோ நடக்கிறது என்று முன்பெல்லாம் தெரிந்துகொள்ளலாம். இந்த வருடம் அப்படியில்லை. அங்கே ஒரு மாடிக்குப் பிரபஞ்சமே குடிவந்திருந்தது. காலை பத்து முதல் ஒன்று வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை, ஏசி போட்ட ஹாலில் அது பேசியது. ஞாயிற்றுக்கிழமை பிரபஞ்சத்துக்கு விடுமுறை.

பிரபஞ்சத்தின் சார்பில் வாய் திறப்பவர், டாரட் என்ற படச்சீட்டில் குறி சொல்லும் திலோத்தமா மேடம். வாசலில் தொங்கிய ஃபிளெக்ஸில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். கீழே, 'ஒரே கேள்வி. ஒரே கார்டு. ஆமாம் அல்லது இல்லை' என்று போட்டிருந்தது. கூட்டம் மயங்கியதே இதில்தான். ஜாதகத்தைக் கொண்டுபோனால் ராகு, கேது, தசாபுத்தி என்று அரை நாள் போய்விடும். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றால், பொட்டலத்தை எடுத்துக்கொடுக்க ஒரு குழந்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. ஐந்நூறு ரூபாயை ஃபோனில் அனுப்பினால் போதும். பணம் வந்து சேர்ந்ததா என்பதை மட்டும் மேடம் கார்டு எடுத்துப் பார்க்க மாட்டார், ஃபோனையே எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

தில்லை நகரில் கடை எடுக்கலாமா, மருமகள் தனிக்குடித்தனம் கேட்பாளா என்று ஜனங்கள் கேட்ட வண்ணம் இருந்தார்கள். மீசையை எடுத்துவிடலாமா என்று கேட்க வந்த ஒருவர், 'இல்லை' என்று பதில் வந்ததும் கண் கலங்கி, மீசையைத் தடவிக்கொண்டே மாடிப்படி இறங்கினார். எல்லாம் ஹாலில், எல்லோர் முன்னிலையிலும்தான். அடுத்தவர் வீட்டுக் கேள்வியைக் காது குளிரக் கேட்பதும் கட்டணத்தில் சேர்த்தி.

இந்தக் கூட்டத்தில்தான் மாதவனும் வந்து உட்கார்ந்தார். அவருக்கு மூடநம்பிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. அவருக்கு இருந்தது பித்தப்பையில் கல்.

மாதவன் திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் குழாய்கள் செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகர். குழாயின் கனம் மயிரிழை குறைந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் பெயரைக் கேட்டால் சப்ளையர்களுக்கு வேர்க்கும். ஊசியைப் பார்த்தால் அவருக்கு வேர்க்கும். தில்லை நகர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கல்லு நழுவிக் குழாயை அடைச்சா மஞ்சள் காமாலை, சீழ்னு பெரிய வம்பாயிடும் சார், தள்ளிப் போடாதீங்க. சின்னதா நாலு ஓட்டை, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். மாதவன் காதில் விழுந்தது 'ஓட்டை' மட்டும்.

அந்த நேரம் பார்த்து உதவிக்கு வந்தவர் பக்கத்து வீட்டு பிச்சைமுத்து. ஊரில் எந்தச் சாமியார் புதிதாக வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற மனிதர்.

"வயித்துல கத்தி வைக்கிற விஷயம்ங்க. மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோம்" என்று அழைத்துப் போனார்.

மேடம் எதிரே ஒரு சின்ன மேசை. இந்தப் பக்கம் மாதவன், அந்தப் பக்கம் மேடம். "ஆபரேஷன் செஞ்சுதான் ஆகணுங்களா மேடம்?" என்று மாதவன் கேட்டபோது, பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளையின் முகம் அவருக்கு. மேடம் சீட்டுக்கட்டைக் கலைத்து, ஒன்றை உருவி மேசையில் வைத்தார். மேலே சூரியன், கீழே வெள்ளைக் குதிரை, அதன்மேல் ஒரு குழந்தை.

"கார்டு நேரா இருந்தா ஆமாம், தலைகீழா இருந்தா இல்லைங்க. இது பிரபஞ்சத்தோட பார்வையில தலைகீழ். உங்களுக்கு ஆபரேஷன் இல்லை."

பிரபஞ்சத்துக்கு எவ்வளவு நல்ல மனசு என்று மாதவன் மேசையைப் பார்த்துக் கைகூப்பினார். வருகிற வழியிலேயே வாழைக்காய் பஜ்ஜி ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டு அதைக் கொண்டாடினார். வீட்டுப் படியேறும்போதே வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கியெடுத்தது. சாயங்காலம் வரை தரையில் சுருண்டு கிடந்தார்.

மனைவி விஜயராணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்காருகிறவள். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள். "மேடம் இல்லைன்னுட்டாங்க விஜயா" என்ற ஒரே பல்லவியை மாதவன் விடவில்லை. அந்த மேடமே தன் வாயால் சொன்னால்தான் இந்த மனிதர் கேட்பார் என்று, யாரிடமும் சொல்லாமல் அவளும் போய் ஐந்நூறு ரூபாய் அனுப்பினாள். அன்று வீடு திரும்பியவள் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"என்னங்க, மேடம் சொல்லிட்டாங்க. ஆபரேஷன் செய்யலாமாம். கார்டு ஆமாம்னு வந்திருச்சு!"

மாதவன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இல்லைன்னு வந்துச்சே? உனக்கு எந்தக் கார்டு?"

"சூரியன். கீழ ஒரு வெள்ளைக் குதிரை."

"எனக்கும் அதேதான்! உனக்கு நேரா இருந்துச்சா?"

"நேராத்தான். குதிரையோட கால் என் பக்கம் இருந்துச்சு."

மாதவன் யோசித்தார். வயிற்றுக்குள் வலித்துக்கொண்டிருந்தாலும், பட்டறையில் பழகிய மூளை சும்மா இருக்கவில்லை. "எனக்கும் கால் என் பக்கம்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயராணிதான் முதலில் சிரித்தாள். "கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிற எனக்கு இது தோணாமப் போச்சே! எதிர்ல நிக்கிறவங்களுக்கு நேரா இருக்கிற காகிதம் எனக்குத் தலைகீழாத்தான் தெரியும். உங்களுக்கு அந்தம்மா அவங்க பக்கத்துல இருந்து படிச்சிருக்காங்க, எனக்கு என் பக்கத்துல இருந்து!"

"அப்படி ஏமாத்துவாங்களா விஜயா?" என்றார் மாதவன். அவர் குரலில் இருந்தது நம்பிக்கை அல்ல, ஏக்கம். அந்த 'இல்லை' அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

மறுநாள் இருவரும் சேர்ந்து மாடியேறினார்கள். மாதவன் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஹால் நிறையக் கூட்டம். முன் வரிசையில் ஸ்ரீரங்கம் கோமளவல்லி மாமி, பேரனுக்கு அமெரிக்க விசா கிடைக்குமா என்ற கேள்வியோடு, மடியில் பிரசாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்று விஜயராணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நேரா இருந்தா ஆமாம்னு சொல்றீங்களே, அது யாருக்கு நேரா?"

மேடத்தின் சிரிப்பு ஒரு நொடி நின்றது. "அது எனர்ஜியப் பொறுத்ததுங்க. சில பேருக்கு அவங்க பக்கம். சில பேருக்குப் பிரபஞ்சத்தோட பக்கம்."

"பிரபஞ்சம் எந்தப் பக்கம் உக்காந்திருக்கு?"

"என் பக்கம்தாங்க."

"ரொம்பச் சரி. இன்னிக்கு மட்டும் அதை முன்னாடியே முடிவு பண்ணிக்குவோம்." விஜயராணி நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, மேசையில் மேடத்தின் ஓரமாகப் பார்த்து ஒட்டினாள். "படத்துல கால் இந்தப் பொட்டுப் பக்கம் இருந்தா ஆமாம். தலை இருந்தா இல்லை. அப்புறம் யாரும் மாத்தக் கூடாது."

கூட்டத்தின் முன்னால் மறுக்க முடியுமா? மேடம் தலையாட்டினார். அப்போதுதான், யாரும் எதிர்பாராமல், மாதவன் வாய் திறந்தார்.

"முதல்ல பதில் தெரிஞ்ச கேள்வியாக் கேளுங்க. எங்க பட்டறையில புதுசா ஒரு கருவி வந்தா, அளவு தெரிஞ்ச துண்டை வெச்சுத்தான் அதைச் சோதிப்போம்."

அவர் அதைக் கார்டுக்கு எதிராகச் சொல்லவில்லை. கார்டு ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னார்.

"அதுக்கென்ன, நான் கேக்கறேன்" என்று கோமளவல்லி மாமி நிமிர்ந்தார். "நம்ம பெருமாள் சயனத் திருக்கோலத்திலே ஏளியிருக்காரா, இல்லையா? படுத்துண்டிருக்காரா? சொல்லட்டும்."

ஸ்ரீரங்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் பதில் தெரிந்த கேள்வி. மேடம் ஒரு கார்டை உருவினார். கால் பொட்டுப் பக்கம். ஆமாம்!

"ரங்கா! ரங்கா!" என்று ஹால் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மேடம் முகத்தில் மறுபடி ஃபிளெக்ஸ் சிரிப்பு. விஜயராணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"இன்னொரு தடவை" என்றார் மாதவன்.

"அதான் வந்திருச்சே சார்!"

"ஒரு தடவை அளந்ததை நாங்க அளவுன்னே எழுத மாட்டோம் மேடம்."

கார்டைக் கட்டுக்குள் போட்டுக் கலைத்து மறுபடி எடுத்தார்கள். தலை, பொட்டுப் பக்கம். இல்லை.

மாமியின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. "என்னது! அதுக்குள்ளே எழுந்துண்டுட்டாரா?"

"இல்லை மாமி, இதை உங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்கன்னா..." என்று மேடத்தின் விரல் கார்டைத் திருப்பப் போயிற்று.

"கையை எடுங்க" என்றார் மாதவன். சப்ளையர்களுக்கு வேர்க்கவைக்கிற அதே குரல். விரல் அப்படியே நின்றது. அந்த விரலை ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மூன்றாம் தடவையும் எடுத்தார்கள். மறுபடி, இல்லை.

மேடம் கடைசியாக ஒரு பாலம் கட்டிப் பார்த்தார். "மாமி, பெருமாள் தூங்கலை, அறிதுயில்தானே? அந்தத் தத்துவத்தைத்தான் கார்டு..."

"அபசாரம்! தூங்கறாரான்னா நான் கேட்டேன்? படுத்துண்டிருக்காரான்னு கேட்டேன்! தினம் விடிகாலை விஸ்வரூப சேவைக்குப் போய் நான் சேவிக்கறேன். எனக்கே தத்துவமா?" மாமி பிரசாதப் பொட்டலத்தை இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கூட்டமும் எழுந்தது. மகன் படிப்பு, மகள் கல்யாணம், கடை என்று எதையெதையோ இந்தச் சீட்டில் வைத்தவர்கள் எல்லோருக்கும் அதுவரை வராத கோபம், பெருமாளை எழுப்பி உட்காரவைத்ததும் வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று சத்தம் எழுந்தது.

திலோத்தமா மேடத்துக்கும் பொறுமை போயிற்று. "நானா ஏமாத்தினேன்? இந்த சார் வேண்டாம் வேண்டாம்னு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டிக்கிட்டு வந்தாரு. இந்த அம்மா வேணும்னு அழுதுக்கிட்டு வந்தாங்க. வந்தவங்க எதைக் கேக்க ஆசைப்பட்டாங்களோ, அதைத்தான் நான் சொன்னேன்!"

அந்த மாடியில் அத்தனை நாளில் வந்த ஒரே உண்மையான பதில் அதுதான். மாதவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்நூறு ரூபாய் கொடுத்து, தன் பயத்தையே ஒரு அட்டையில் ஒட்டித் திரும்ப வாங்கிப் போயிருக்கிறார். அதை நம்பி உயிரையே பணயம் வைக்க இருந்தார்.

"விஜயா" என்றார். "ஒரே துண்டை மூணு தடவை அளந்து ரெண்டு விதமாக் காட்டினா, நாங்க அந்தக் கருவியத் தூக்கிக் குப்பையில போட்டுருவோம். வா, டாக்டர்கிட்ட போவோம்."

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். "பயமா இருக்கா சார்?" என்று நர்ஸ் கேட்டபோது, "ரொம்ப" என்று ஒளிக்காமல் சொன்னார். விஜயராணியின் கையைப் பிடித்திருந்த பிடியை மயக்க மருந்து ஏறிய பிறகுதான் விட்டார். நாலு ஓட்டை, இரண்டு நாள், வீடு. எல்லாம் டாக்டர் சொன்ன கணக்குப்படியே நடந்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் கல் குழாயை அடைத்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அதற்குள் அம்மா மண்டபம் சாலையில் பிரபஞ்சம் வீட்டைக் காலி செய்துவிட்டு, இரவோடு இரவாக முகவரி சொல்லாமல் போய்விட்டிருந்தது.

வெளியே எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். பச்சையும் பழுப்புமாக மூன்று. பார்க்க வந்த பிச்சைமுத்து டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த பக்தியோடு கேட்டார்:

"ஏங்க மாதவன், உங்க உயிரையே காப்பாத்தின கல்லு. இதுல ஒண்ணை மோதிரத்துல பதிச்சுப் போட்டுக்கிட்டா, ராசியா இருக்குமா?"

மாதவனுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அதை நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க பிச்சைமுத்து. யோசிக்கிறதுக்கு மட்டும்தான் இந்த ஊர்ல யாரும் இன்னும் காசு வாங்க ஆரம்பிக்கல. அதுக்குள்ள ஒரு தடவையாவது யோசிச்சிருங்க."