சுற்றிப் போன பேச்சு

முதுகு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து மேசைகளுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த வயர்காரர், அச்சகத்தின் நடுவழியில் எழுந்து நின்று இடுப்பை வளைத்தார். எலும்பு ஏதாவது முறிந்திருந்தாலும் சத்தம் கேட்டிருக்காது. அச்சு எந்திரங்களின் இரைச்சல் அப்படி.

"ஆச்சா?" என்று இடது அறையிலிருந்து பெரியவர் கத்தினார்.

"ஆச்சா?" என்று வலது அறையிலிருந்து சின்னவர் கத்தினார்.

அண்ணன் தம்பி. அப்பா இறந்த வீட்டிலேயே தொடங்கிய சண்டை. இன்றுவரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. பெரியவர் பக்கம் வடிவமைப்பு, சின்னவர் பக்கம் அச்சு. இவன் கம்ப்யூட்டரை அவன் பார்க்கக் கூடாதென்று ஆளுக்கொரு நெட்வொர்க். இரண்டுக்கும் நடுவில் கணக்கர் அறை, அதில் ரவுட்டர். பத்தடி தள்ளியிருக்கும் தம்பிக்கு அண்ணன் ஒரு சுவரொட்டியை அனுப்பினால், அது ஒற்றைக் கேபிளில் ரவுட்டர்வரை ஏறி, அதே கேபிளில் திரும்பி இறங்க வேண்டும். அது இறங்குவதற்குள் அச்சடிக்கிறவர் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

வாய்ப்பேச்சுக்கும் அதே வழிதான். வேலை விவரம் தாளில் போய்விடும். மற்றதெல்லாம் கணக்கர் வழியாக.

நேற்று சின்னவர், "நாளைக்குள்ள இந்த நெட்வொர்க் சரியாகலேன்னா நான் தனியா பிரஸ் போட்டுக்கறேன்" என்று ஊருக்கே கேட்கக் கத்தியிருந்தார். அச்சகம் இரண்டானால் புத்தகம் தைக்கும் பைண்டிங்கில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும். அதில் முதல் ஆள், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள், வயர்காரரின் மனைவி. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இந்தப் பொட்டி என்ன செய்யும்?" என்றார் பெரியவர், வயர்காரர் கொண்டுவந்த புது நெட்வொர்க் சுவிட்சைக் காட்டி.

"ஒரு நெட்வொர்க்னா ஒரு தெருன்னு வெச்சுக்கங்க. சாதா சுவிட்சுக்குத் தன்னோட தெரு ஆளுங்களை மட்டும்தான் தெரியும்ணே. அடுத்த தெருன்னா ரவுட்டர்கிட்ட தள்ளி விட்டுடும். இது வழியும் தெரிஞ்ச சுவிட்ச். ரெண்டு தெரு வாசலும் இதுக்குள்ளயே இருக்கு. வந்ததை அங்கயே திருப்பி விட்டுடும். வெளி இன்டர்நெட்டுக்கு மட்டும் ரவுட்டர்."

"விலை கூடவா இருக்கே?"

"ரெண்டு பேரும் ஒரே நெட்வொர்க்ல இருந்தீங்கன்னா இது வேண்டவே வேணாம்ணே. இங்க இருக்கற கம்ப்யூட்டருக்குச் சாதா சுவிட்சே போதும்."

பெரியவர் சுவரைப் பார்த்தார். "புதுசையே மாட்டு."

மாட்டினார். எதுவும் நகரவில்லை. வழிகாட்டும் வேலையை அந்தப் பெட்டியில் இயக்கிவிட வேண்டும், மறந்திருந்தார். இயக்கினார். அப்போதும் கம்ப்யூட்டர்கள் பழக்க தோஷத்தில் ரவுட்டரையே தேடிப் போயின. ஒவ்வொன்றாக மாற்ற முதுகு இடம் கொடுக்கவில்லை. ரவுட்டரின் முகவரிகளையே சுவிட்சுக்கும் கொடுத்தார். ஒரே விலாசத்தில் இரண்டு பேர் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் மொத்தமாகப் படுத்துவிட்டது.

"அடப்பாவி! இருந்ததும் போச்சே!" என்றார் சின்னவர்.

பெரியவர் கணக்கரைக் கையசைத்துக் கூப்பிட்டார். "போய்ச் சொல்லுங்க. பொறுமை கெட்ட கழுதை கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்னு!"

கணக்கர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார், தலையாட்டினார், வழியைக் கடந்து சின்னவரிடம் போனார். "உங்க வேலை கெட்டுப்போச்சேன்னு அண்ணன் வருத்தப்படறார்."

சின்னவர் கொஞ்சம் தணிந்தார். "வருத்தப்பட்டு என்ன பண்ண? அவன் கை வெச்சது எது உருப்பட்டிருக்கு?"

கணக்கர் திரும்பி வந்தார். "பரவாயில்லை, மெதுவா ஆகட்டுங்கறார்."

மேசைக்கு அடியில் கிடந்த வயர்காரருக்கு இங்கே சொன்னதும் அங்கே போய்ச் சேர்ந்ததும் கேட்டது. என்ன பெரிய மனசு இந்தக் கணக்கருக்கு என்று நினைத்துக்கொண்டார்.

ரவுட்டருக்குத் தனி விலாசம் கொடுத்து ஒதுக்கினார். இரண்டு பக்கமும் உயிர் வந்தது, இன்டர்நெட் செத்தது. சுவிட்சுக்கு வெளியே போகிற வழியைச் சொல்லிக் கொடுத்தார். போனது போனதுதான், பதில் வரவில்லை. இந்த இரண்டு தெருக்களும் இப்போது சுவிட்சுக்குப் பின்னால் இருக்கின்றன என்று ரவுட்டருக்கு யார் சொன்னார்கள்? அதையும் சொன்னார். எல்லாம் ஓடியது.

"ஒரு ஃபைல் அனுப்பிப் பாருங்கண்ணே."

பெரியவர் விரலை எடுப்பதற்குள் சுவரொட்டி சின்னவர் திரையில் நின்றது. வயர்காரருக்கு முதுகுவலிகூட மறந்துவிட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

"கம்ப்யூட்டர்ல இருக்கற சாட்லயும் ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க. நேராப் போகும்."

பெரியவர் தயங்கினார். பிறகு தட்டினார். 'நேற்று நீ மன்னிப்புக் கேட்டதாகக் கணக்கர் சொன்னார். சரி.'

பதில் உடனே வந்தது. 'நானா? நீதான் அழுததாகச் சொன்னார்.'

'நான் எதுக்குடா அழணும்?'

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சுவிட்சின் முழு வேகத்தில் வந்தன. இத்தனை வருஷத்துச் சேமிப்பு. சுற்றிப் போகும்போது வழியில் உதிர்ந்தவை இப்போது ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்தன. இரண்டு நாற்காலிகள் பின்னால் சாய்ந்து விழுந்தன. இருவரும் நடுவழிக்கு வந்து நின்றார்கள்.

"நிறுத்துங்கடா மெஷினை!" என்று பெரியவர் கத்தினார்.

எந்திரங்கள் நின்றன.

"அப்பாவோட கடைசி ஆசைக்கு நான் குறுக்க நிக்கலேன்னு நீ ஒத்துக்கிட்டதாச் சொன்னாரேடா!"

"நான் சாகறவரைக்கும் அதைச் சொல்ல மாட்டேன்! என் பிள்ளை படிப்பைப் பத்தி நீ தினமும் விசாரிச்சியா?"

"உன் பிள்ளை என்ன படிக்குதுன்னே எனக்குத் தெரியாது!"

சின்னவர் முகம் சுருங்கியது. அந்த ஒன்றையாவது அவர் நம்பியிருந்தார் போல.

"அப்ப எல்லாமே பொய். இத்தனை நாளா இந்தாளு பேச்சைக் கேட்டுத்தான் இங்க உக்காந்திருந்தேன். போதும். பிரிச்சிடலாம்."

"பிரி! இந்தப் பொய்க்காரரை முதல்ல வெளிய அனுப்பு!"

பைண்டிங் வாசலில் பெண்கள் கையில் ஊசியோடு நின்றார்கள். வயர்காரர் தன் மனைவியைப் பார்க்கத் துணிவில்லாமல் கையிலிருந்த கேபிளைச் சுருட்டினார். நல்லா மாட்டினோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

கணக்கர் தம் அறையிலிருந்து மெல்ல வந்தார். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து, "ஏன்யா பொய் சொன்னே?" என்று உலுக்கினார்.

கணக்கர் தலையாட்டினார். பக்கத்திலேயே நின்ற சின்னவரிடம் திரும்பினார்.

"அண்ணனுக்குக் கோவம் ஒண்ணுமில்லை. வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வரச் சொல்றார்."

பைண்டிங் வாசலிலிருந்து வயர்காரரின் மனைவி இறங்கி வந்து, பெரியவர் கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அவரைப் போயி பொய்க்காரர்ங்கறீங்களே! உங்க மெஷின் தின்ன காதுய்யா அது, எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டதில்லை, மூஞ்சியப் பாத்து அண்ணன் தம்பி என்ன பேசிப்பாங்களோ அதைச் சொன்னாரு. காது மெஷின் வாங்கித் தர்றேன்னு உங்கப்பா அவருக்கு வாக்குக் குடுத்தாரே, அது இன்னும் பாக்கி."