பதினாலாம் மேசைக்கு ஒரு கையெழுத்து

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

உங்கள் தம்பி கிருபாகரனின் பெண்சாதி ஜீவராணி பணிவோடு எழுதிக்கொள்வது. சுன்னாகத்தில் நீங்களும் சிவக்கொழுந்து அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கறித்தூள் ஆலை ஓடுகிறது, அதில் வேலை செய்கிற ஆறு பெண்களும் சுகம், என் சுகத்தை மட்டும் கேட்காதேங்கோ. போன் எடுத்தால் வெட்டுகிறீர்கள், வாட்ஸ்அப்பில் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள், அதனால்தான் எட்டாம் வகுப்போடு நின்ற நான் பேனை பிடித்திருக்கிறேன். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் உங்கள் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்று எனக்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கிழிக்காமல் வாசியுங்கோ.

அரசாங்கம் சின்னக் கம்பனிக்காரரைக் கூட்டிக்கொண்டு மலேசியாவுக்குப் போகிறது, அங்கே ஆளுக்கொரு மேசை போட்டு அந்த நாட்டு வியாபாரிகளோடு கதைக்க விடுவார்கள் என்று உங்கள் தம்பி உங்களுக்கும் சொல்லியிருப்பார். மூன்று வருசம் மனுப்போட்டு இந்த முறைதான் பெயர் வந்தது. மேசை இலக்கம் பதினாலு. பெயர் வந்து ஒன்பதாம் நாள், மிளகாய் வறுக்கிற தாச்சிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்தான், எழும்பவில்லை. அவர் செத்ததை நான் ஏற்றுமதிக் கந்தோருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. ஓரிடத்திலாவது அவர் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது மற்றது. ஷஹீமா என்று ஒரு பிள்ளை கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்து, "சேர் இருக்காரா ஆன்ட்டி?" என்று கேட்கும். "வெளியிலை போயிட்டார் பிள்ளை" என்பேன். அது பொய் இல்லைத்தானே.

இனி திங்கட்கிழமை நடந்ததுக்கு வருகிறேன். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கக் கொடுத்ததும், மலேசியாவுக்குக் கொண்டுபோகிற கம்பனிப் புத்தகம் அடிக்கக் கொடுத்ததும் ஒரே இடம், எங்கள் தெருப் பிரதீஸின் அச்சகம். இரண்டுக்கும் முன் அட்டையில் ஒரே படம், அந்த நீலச் சேட்டுப் போட்டுச் சிரிக்கிற படம், ஏனென்றால் அவர் சிரிக்கிற படம் வீட்டில் வேறு இல்லை. இரண்டையும் மண்ணிறக் கடதாசியில் சுற்றிக் கட்டி, ஒன்றை மண்டபத்துக்கும் ஒன்றைக் கந்தோருக்கும் அனுப்பு தம்பி என்று சொன்னேன். அவன் அனுப்பினான். மாறி அனுப்பினான். முகத்துவாரத்தில் கிரியையை முடித்துக்கொண்டு வெள்ளவத்தை மண்டபத்துக்கு வந்தால், சனம் எல்லாம் ஆளுக்கொரு புத்தகத்தோடு இருக்குது, நீங்கள் மூத்தவர் என்ற முறையில் வாசிக்க எழும்புகிறீர்கள், நான் சமையல்காரரோடு பாயசத்துக்கு நிற்கிறேன். மைக்கில் உங்கள் குரல் கேட்கிறது. "ஈரம் படாத இடத்தில் வைத்தால் பதினெட்டு மாதங்கள் கெடாது." நான் திகைத்துப் போனேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இராகத்தோடு அடுத்ததையும் வாசித்தீர்கள். "வரும் பன்னிரண்டாம் திகதி கோலாலம்பூரில், பதினாலாம் மேசையில், என்னை நேரில் சந்திக்கலாம்." முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு மாமி அப்போதுதான் ஓவென்று அழத்தொடங்கினா. பெரியத்தான், அது அவர் சாவதற்கு முந்தின கிழமை தன் கையால் எழுதிக்கொடுத்தது. ஒரு எழுத்தையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை, குற்றம் அவ்வளவுதான்.

நீங்கள் சாப்பிடாமல் எழும்பிப் போன நேரம் நான் மண்டபத்தில் இல்லை. வெட்கத்தில் ஒளித்தேன் என்று நினைத்தீர்களாம். இல்லை. செத்தவீட்டுப் புத்தகம் இருநூறு கந்தோரில் கிடக்குது, மூன்று மணிக்குப் பெட்டியை ஆணி அடித்து மலேசியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். வெள்ளைச் சேலையோடு ஓட்டோவில் ஏறி "இக்மனட்ட யன்ன மல்லி", கெதியாய்ப் போ தம்பி என்று சிங்களத்தில் கத்தினேன், அந்தப் பெடியன் என்னைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான், அவனைத் தடுத்துத் திருப்பி, கொள்ளுப்பிட்டியில் லைட்டில் நின்று, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், மூன்றுக்குப் பத்து நிமிசம். ஷஹீமா பிள்ளை பெட்டியைத் திறந்து மேலே இருந்த ஒன்றை எடுத்தது. பிறப்பு என்று ஒரு திகதி. இறப்பு என்று ஒரு திகதி. ஒரு பக்கம் முழுக்க வாசித்தது.

"ஆன்ட்டி, சேர் வெளியில போயிருக்கார்னு தானே சொன்னீங்க?"

"ஓம் பிள்ளை."

"எப்ப வருவாருன்னு கேட்டேனே. தெரியாதுன்னீங்க."

"தெரியாதுதானே பிள்ளை."

அது போய்த் தண்ணி கொண்டுவந்து தந்தது. பிறகு உள்ளே போய்ப் பெரியவரோடு கதைத்துவிட்டு வந்து சொன்னது, பெயரை உங்களுக்கு மாற்றலாம் ஆன்ட்டி, ஆனால் கம்பனிப் பதிவில் பங்காளி என்று இன்னொருவர் இருக்கிறார், அவர் சம்மதக் கடிதம் தரவேண்டும், வெள்ளி நாலு மணி கடைசி, தராவிட்டால் மேசை அடுத்ததாகக் காத்திருக்கிற தென்னந்தும்புக் கம்பனிக்குப் போய்விடும். அந்த இன்னொருவர் நீங்கள்.

"வருசம் திரும்பேல்லை, பிளேன் ஏறப் போறாவோ" என்று, புத்தகம் மாறின கதையைச் சொல்ல வந்த பிரதீஸிடம் மண்டப வாசலில் கத்தினீர்களாம். சரி, சனம் கதைக்கும்தான். ஆனால் உங்கள் தம்பி வியாபாரம் கதைப்பார், வறுத்ததும் இடித்ததும் நான்தானே. வெளிநாட்டு ஓடர் ஒன்று வராவிட்டால் தீபாவளிக்கு மேல் ஆலை ஓடாது. அந்த ஆறு பெண்களும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் மூத்தவர். உங்கள் சொல்லைத் தாண்டி நான் ஒரு நாளும் நடந்ததில்லை, இனியும் நடக்க மாட்டேன். வேண்டாம் என்றால் ஆலையைப் பூட்டித் திறப்பைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். சரியான நினைவு மலரை இதோடு வைத்திருக்கிறேன், ஆறுதலாக வாசியுங்கோ. அக்காவின் முழங்கால் நோவு இறங்கட்டும், உங்கள் கோபமும் அதோடு இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
ஜீவராணி.

பி.கு: இதைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனால், சனிக்கிழமைதான் சுன்னாகம் போகும் என்கிறார்கள். அதனால் சம்மதக் கடிதத்தில் உங்கள் கையெழுத்தை நானே வைத்துவிட்டேன். பதிவுப் பத்திரத்தைப் பார்த்து நாலு தரம் எழுதிப் பழகினேன், கடைசியில் வருகிற சுழி உங்களுடையதைவிட வடிவாக வந்திருக்கிறது. அந்தக் கடிதம் ஏற்கெனவே ஷஹீமாவின் கையில். அந்தப் பிள்ளை அடுத்த கிழமை உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்கும், கொழும்பு நம்பர் என்று வெட்டாமல் எடுத்து, ஓம் என்று ஒரு சொல் சொல்லுங்கோ. இல்லை என்றுதான் சொல்வீர்கள் என்றால், அதைப் பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு சொல்லுங்கோ.