இரண்டு திரையிலும் மஞ்சள்தான்

திருவிடந்தை சம்பந்தி அப்பாசாமி அவர்களுக்கு,

ஊரப்பாக்கம் எல்லப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி வேண்டாவும் பையன் சரவணகுமாரும் நலம். உங்கள் வீட்டில் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போனை நீங்கள் எடுக்காததால் இந்தக் கடிதம்.

கல்யாணப் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து நேரே உங்கள் வீட்டில் வந்து இறங்கிய அன்று, "இன்னா சம்பந்தி, உங்க வூட்ல யாரு பூட்டாங்க? கருமாதிப் பத்திரிகை வந்துகீது!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி போனில் கத்தினீர்கள். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து, மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை, இதை எந்தச் சொந்தக்காரன் கையில் கொடுப்பது என்றீர்கள். தப்பு என்னுடையது என்று நான் ஒப்புக்கொள்ளும்வரை பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டேன் என்றும் சொன்னீர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் சரி என்று சொன்ன பத்திரிகை மஞ்சள். அதற்கு இரண்டு திரை சாட்சி.

நடந்ததைக் கேளுங்கள். சரவணகுமாருக்குச் சிறுசேரியில் வேலை என்றாலும் பாதி நாள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறான். ஆபீஸ் லேப்டாப், பக்கத்தில் பெரிய மானிட்டர், இரண்டையும் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது, தூக்கம் வரவில்லை என்றான். மாப்பிள்ளை கண் சிவந்து வந்து நின்றால் குடிகாரன் என்று நீங்கள்தான் முதலில் சொல்வீர்கள். ஐ.டி.ஐ. வாசல் மிதிக்காமலே பம்புசெட் மோட்டாரைப் பிரித்து மாட்டியவன் நான். வீடியோ பார்த்து, நீல ஒளியைக் குறைக்கிற நைட் லைட் என்பதை லேப்டாப்பில் முழு அளவுக்கு ஏற்றிவிட்டேன். லேப்டாப் இதமாக மஞ்சளாயிற்று. மானிட்டர் மட்டும் பளீரென்று என்னை முறைத்தது. அவன் ஆபீஸில் கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கிற ஸ்டான்லிக்குப் போன் போட்டேன். "ஐயா, மானிட்டர் வயரு நடுவுல ஒரு டப்பா வழியா போவுது, அதான் நைட் லைட்டு அதுக்குப் புடிக்கல. வயர நேரா லேப்டாப்ல சொருகுங்க. இல்லன்னா மானிட்டருக்கு அடியில பட்டன் கீது, அதுலயே கொறைங்க" என்றார். பட்டனை அமுக்கினேன், சீன எழுத்து வந்தது. வயரைத் தொட்டேன், "ஐயோ நைனா, மீட்டிங் போய்க்கினு கீது!" என்று பையன் அலறினான். அட போங்கடா என்று, சீர்வரிசைத் தட்டுக்குச் சுற்ற வாங்கி வைத்திருந்த மஞ்சள் கண்ணாடித் தாளில் ஒரு துண்டு வெட்டி மானிட்டர்மேல் ஒட்டினேன். இரண்டு திரையும் ஒரே நிறம். எந்த இன்ஜினியர் செய்வான் இதை?

அதற்கு அப்புறம்தான் அச்சகத்து ஞானதாஸ் மாதிரிப் பத்திரிகையைப் பையனுக்கு அனுப்பினார். லேப்டாப்பில் பார்த்தேன், மஞ்சள். மானிட்டரில் பார்த்தேன், பசுமஞ்சள். "அண்ணாத்த, அட்டை இன்னா கலரு போடட்டும்?" என்று ஞானதாஸ் கேட்டார். "இப்ப இன்னா கலரு கீதோ அதே கலரு. ஒரு புள்ளி மாத்துனா கெட்ட கோவம் வரும்" என்றேன். அவர் வெள்ளையில் அடித்து அனுப்பினால் நான் பொறுப்பா? "நைனா, நைட் லைட்டு போட்டா எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்" என்று என் பையனே அவருக்குப் பரிந்து பேசுகிறான். "நான் போட்டது உன் கண்ணுக்குடா, பத்திரிகைக்கு இல்ல" என்று வாயை அடைத்தேன்.

குறை பேச வந்தால் நானும் பேசலாம். போன ஞாயிற்றுக்கிழமை பையன் அதே மானிட்டரில் உங்கள் பெண் பூங்கொடியோடு வீடியோவில் பேசினான். எட்டிப் பார்த்த வேண்டா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய், "ஏங்க, பொண்ணு மூஞ்செல்லாம் மஞ்சளா கீது, கண்ணு முழிகூட. காமாலைய மறைச்சிக் கட்டிக் குடுக்கறாங்களா?" என்று அழுதாள். நானும் போய்ப் பார்த்தேன். பல்கூட மஞ்சள். உங்களைப்போல் தெரு கேட்கக் கத்தினேனா? கல்யாணத்தை நிறுத்துவேன் என்றேனா? சத்தம் போடாமல் ஒரு பை கீழாநெல்லி பறித்து, அரைத்து மோரில் கொடுக்கச் சொல்லி ஆள்மூலம் அனுப்பினேன். அதற்கு ஒரு நன்றிகூட வரவில்லை. பெண் மஞ்சளாக இருப்பதை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். பத்திரிகை மஞ்சளாக இல்லாததை உங்களால் பொறுக்க முடியவில்லை!

ஆகவே என்னிடமிருந்து மன்னிப்பு வராது, மறு அச்சும் கிடையாது. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து இரண்டு திரையையும் பாருங்கள். சாப்பாடு போடுகிறேன்.

பூங்கொடிக்குத் தீர்க்காயுசு உண்டாக என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டுத் தங்கச்சிக்கு என் அன்பு. உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
எல்லப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வேண்டா, சீர்த்தட்டுக்குத் தாள் குறைகிறது என்று மானிட்டரில் இருந்ததை உரித்துக்கொண்டு போய்விட்டாள். பையனும் நைட் லைட்டை அணைத்துவிட்டுப் பத்திரிகையைத் திறந்து காட்டினான். வெள்ளை. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை. பிறகு அதே திரையில் பூங்கொடி வந்தாள். முகம் பளிச்சென்று, கண்ணும் பல்லும் வெள்ளை வெளேரென்று, காமாலை சுத்தமாக இறங்கியிருக்கிறது. என் கீழாநெல்லி வீண்போகவில்லை. பெண் குணமான சந்தோஷத்துக்காக, வேறு எதற்காகவும் இல்லை, பத்திரிகையைப் புதிதாக அடிக்கச் சொல்லிவிட்டேன். மறுபடி கலர் கேட்ட ஞானதாஸுக்குத் திரையைக் காட்டாமல் ஒரு மஞ்சள் கிழங்கைக் கொடுத்தனுப்பினேன். முகூர்த்தம்வரை கீழாநெல்லியை நிறுத்த வேண்டாம்.