காத்துப்புடுங்கி அண்ணாச்சியும் என் ரெண்டு நிமிசமும்

திருநெல்வேலிச் சீமையில் ஓடுகிற அத்தனை டயர்களும் ஒரே ஓர் ஆளைப் பார்த்துத்தான் பயந்தன. அவர் தச்சநல்லூர் காத்துப்புடுங்கி அண்ணாச்சி. நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டு ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம்.

மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து எங்களுடையது. சந்து முனையில் ஒரு பக்கம் அண்ணாச்சியின் பஞ்சர் கடை, மறுபக்கம் ஒரு பிரியாணிக் கடை. உள்ளே நாலாவது வீடு அண்ணாச்சியுடையது. ஆறாவது வீட்டில் நான், லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவன். எட்டாங்கிளாஸை மூன்று வருஷம் ஊன்றிப் படித்தேன். அதற்குமேல் அறிவு வந்தால் ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள்.

பஞ்சர் கடைக்காரரே வண்டிகளில் காற்றைப் பிடுங்கினால் ஊர் என்ன பேசும்? வியாபாரத்துக்காகச் செய்கிறார் என்றுதானே. அந்தப் பேச்சு வரக் கூடாதென்று ஒரு போர்டு எழுதி மாட்டியிருந்தார்: 'சந்து முனையில் வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும். திரும்ப அடிப்பது இலவசம். வசவும் இலவசம்.'

கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் சம்சாரத்துக்கு, எனக்கு மதினி முறை, ரெண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். மத்தியானம் ரெண்டு மணிக்கு முறை. நேரத்துக்குப் போகாவிட்டால் படுக்கையில் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். மதினி பத்து எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். அதனால் ஆட்டோ வாசலுக்கே வந்தாக வேண்டும். எங்கள் சந்தில் ஆட்டோ நுழைவதே பக்கத்துக்கு ஒரு சாண் இடைவெளியில்தான். முனையில் ஒருவன் காரைச் சொருகிவிட்டால் கதை முடிந்தது.

சொருகுவான். நூறடி தள்ளிக் காலி இடம் கிடக்கும், அங்கே போக மாட்டான். பிரியாணி தின்ன வருகிறவனுக்கு வாய் மட்டும்தான் உண்டு, கால் கிடையாது போல. நாலு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டு இறங்கிப் போவான். அதை மினுக்கவிட்டால் கலெக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஒரு நினைப்பு. கேட்டால் ‘ரெண்டு நிமிசம்’ என்பான். லெக் பீஸைக் கடித்து இழுக்கவே ஏழு நிமிஷமாகும். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணாச்சி பேச மாட்டார். இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கும் வால்வு சாவியை எடுத்துப் பைய உட்காருவார். புஸ்ஸென்று சத்தம் கேட்டு எலும்பும் கையுமாக ஓடி வருவான் வண்டிக்காரன்.

“என் வண்டியில நீரு எப்படிவே கை வைக்கலாம்?”

“ஒம்ம வண்டி எங்க சந்துல உக்காந்திருக்குல்லா. அதுக்கு மொத பதில் சொல்லும்.”

“ரெண்டு நிமிசம்தான நிறுத்துனேன்.”

“யாரு வீட்டு ரெண்டு நிமிசம்வே அது? ஒம்ம வீட்டுதா, எங்க வீட்டுதா?”

அப்புறம் சொன்னபடி காற்றடித்துக் கொடுப்பார். ஆனால் வசவு முழுக்கச் சொல்லி முடிகிறவரைக்கும் டயர் நிறையாது. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அளந்து அளந்துதான் விடுவார்.

சாயங்காலம் சண்டை வேறு. மதினி திரும்பி வரும்போது ஆறரை தாண்டிவிடும். எதிரே வருகிற ஒரு பயலும் லைட்டை டிம் அடிக்க மாட்டான். சூரியனையே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி வருவான். ஒருநாள் ஆட்டோக்காரருக்குக் கண் கூசி, சந்துக்குள் திருப்பும்போது கரண்ட் கம்பத்தில் இடித்துவிட்டார். மதினிக்கு நெற்றி புடைத்துவிட்டது.

மறுநாள் அண்ணாச்சி வீட்டு பீரோவிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, ரோட்டைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹைபீம் போட்டு வந்தவன் லைட்டெல்லாம் அவன் கண்ணுக்கே திரும்பிப் போனது. மினிபஸ் டிரைவர் ஒருத்தர் பிரேக் அடித்து இறங்கி வந்தார்.

“ஒண்ணும் தெரியலய்யா. என்ன செய்யுதீரு நீரு?”

“தெரியலல்லா? அது ஒம்ம லைட்டுதான், எங்க வீட்டுது இல்ல. கொண்டுபோயி டிம்ம அடியும்.”

ஒழுங்காக டிம் அடித்து வந்த ரெண்டு மூன்று பேர் மட்டும் நின்று தலை சீவிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் மதினி, “நான் எதைப் பாத்துப் பொட்டு வைக்க?” என்று கேட்டு அந்தப் போரை நிறுத்தினார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். வைய வேண்டுமானால் இப்போதே வைதுகொள்ளுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணி. வண்டியில் வண்ணார்பேட்டைக்குப் போக வேண்டிய பன்னிரண்டு மூட்டை சிமெண்ட். வயிற்றில் ஒன்றுமில்லை. பிரியாணி வாசம் சட்டையைப் பிடித்து இழுத்தது. கிழமை எனக்குத் தெரியும். ஒன்று இருபதுக்கு ஆட்டோ வரும் என்பதும் தெரியும். ஆனாலும் சந்து முனையில் வண்டியைப் போட்டேன். ‘ரெண்டு நிமிசம்தான’ என்று என் வாயே என்னிடம் சொன்னது.

கடையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். பொட்டலத்தோடு வெளியே வந்தால், என் வண்டி முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி பதுங்கிக் கிடந்தது. பின் டயர் ரெண்டும் தரையோடு தரை. பக்கத்தில் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, இது நம்ம வண்டி.”

“நம்ம வண்டின்னுதாம்லே ரெண்டையும் பிடுங்குனேன். அசலான் வண்டின்னா ஒண்ணோட விட்டிருப்பேன்.”

“தப்புதான். அடிச்சு விடுங்க, எடுத்திருதேன்.”

கம்ப்ரஸர் சுவிட்சைத் தட்டினார். சத்தமில்லை. இன்னொரு தரம் தட்டினார். அப்போதுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. அன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் கட். ஒன்பதிலிருந்து ரெண்டு வரைக்கும். காலையிலிருந்து விசிறியால் விசிறிக்கொண்டிருந்த மனுஷர், கோபத்தில் அதை மறந்தே போய்விட்டார்.

பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது. ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

“யாரு வண்டி அண்ணாச்சி இது? காத்தப் பிடுங்கிர வேண்டியதுதான?”

“பிடுங்கியாச்சு” என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர் எச்சில் கையோடு வந்து தள்ளினார்கள். பன்னிரண்டு மூட்டை, காற்றில்லாத டயர். அசையவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே பூனை போகலாம், ஆள் போக முடியாது. அண்ணாச்சி கடையிலிருந்த சைக்கிள் பம்பை எடுத்து வந்து குத்தினேன். டயர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

அண்ணாச்சி வையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து கையிலிருந்த வால்வு சாவியைப் பார்த்தார்.

“காத்தப் பிடுங்குனா வண்டி நவராதுல்லாலே. இத்தன நாளா எனக்கு இது தோணவே இல்லயே.”

மணி ஒன்றரை. பிரியாணிக் கடைக்காரர் வெளியே வந்தார். கடை திறந்த நாளிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

“அண்ணாச்சி, எங்க அடுக்களைக் கதவு ஒங்க சந்துலதான தொறக்கு. அது வழியா தூக்கிட்டு வாங்க, போவட்டும்.”

அண்ணாச்சி எழுந்து அந்த அடுக்களை வழியாகவே வீட்டுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மதினியை பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து நானும் ஆட்டோக்காரரும் தூக்கினோம். அடுக்களையில் நுழைந்து, பிரியாணிச் சட்டியைச் சுற்றி, இலை போட்ட மேசைகளுக்கு நடுவே போனோம். சாப்பிடுகிறவர்கள் முழங்கையை ஒடுக்கிக்கொண்டார்கள். முன்னால் அண்ணாச்சி, “பைய, பையத் தூக்குங்க” என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார்.

“கை நனைக்காமப் போறேன், தப்பா நெனச்சுக்கிடாதீங்க” என்றார்கள் மதினி கடைக்காரரிடம். அப்புறம் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார்கள். “ஒருத்தன் அடைக்கான், ஒருத்தர் ஆணியடிக்காரு. நல்லா சேந்திய ரெண்டு பேரும்.”

ஆட்டோ பறந்தது. நான் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். பொட்டலத்தைப் பிரிக்க மனசு வரவில்லை. ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷமிருக்கும்போதே மதினியைப் படுக்கையில் ஏற்றிவிட்டார்கள் என்று ஆட்டோக்காரர் போனில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கரண்டும் அப்போதுதான் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்குக் காலி வண்டியைக் கொண்டுபோய்ச் சந்து முனையில் குறுக்கே போட்டேன். இறங்கவில்லை. சாவியைக் கையில் பிடித்து உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கார் ஒன்று வந்தது. “தள்ளிப் போடுப்பா, ரெண்டு நிமிசம்” என்றார் உள்ளே இருந்தவர். அண்ணாச்சி வாயிலிருந்து கேட்டுப் பழகிய வசவை ஒரு சொல் குறையாமல் அவருக்குக் கொடுத்தேன்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். போய் ஒரு டீ வாங்கி வந்து நீட்டினார்.

“வண்டி கோணலா நிக்குதுலே. நேராப் போடு.”

ஒன்று இருபதுக்கு ஆட்டோ வந்தது. வண்டியை எடுத்து வழிவிட்டேன்.

இப்போது நான் வண்ணார்பேட்டைக்குக் குடிபோய் வருஷம் ரெண்டாகிறது. அந்த மூன்று நாளும் மத்தியானம் நான் நிற்பது தச்சநல்லூர் சந்து முனையில்தான். அண்ணாச்சி வந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். “காத்து கொறையுதுலே” என்று சொல்லி, குழாயை இழுத்து வந்து கொஞ்சம் அடித்துவிடுவார். ஒருநாளும் குறைந்ததில்லை. நானும் சொன்னதில்லை.