கொடி முன்னுக்கா, பின்னுக்கா?

நாலு பேர் "ஆ" என்று வாயைப் பிளக்கும் இடத்தில் ஐந்தாவதாக நிற்பவர் சும்மா இருந்துவிட முடியாது. அவரும் "ஆ" சொல்லியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் படத்தை விட்டுவிட்டு எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நான் முப்பரிமாணப் படங்களை ஆராயும் துறைக்கு வந்து சேர்ந்தது ஏறக்குறைய இப்படித்தான்.

கம்பஸில் கடைசி வருடம் படிக்கும்போது, கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஆய்வுகூடத்தில் எங்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்துப் படம் ஓட்டினார்கள். திரையில் ஒரு பந்து வந்தது. எல்லோரும் தலையைச் சாய்த்துத் தப்பினார்கள். நானும் சாய்த்தேன். (எதுக்குன்னு கேக்காதீங்க. பக்கத்துல இருந்தவங்க சாஞ்சாங்க, நானும் சாஞ்சேன்.) பந்து பெரிதாவது எனக்கும் தெரிந்தது. அதைத்தான் மற்றவர்கள் "மூஞ்சிக்கு நேரே வருது" என்று கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். எதைத்தான் மனிதர்கள் கூட்டிச் சொல்வதில்லை?

மேற்படிப்புக்கும் அதே துறையில் சேர்ந்தேன். இரண்டு கண்களைப் போல இரண்டு கமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, எது கிட்ட இருக்கிறது, எது தூர இருக்கிறது என்று கணக்கிடுவது என் வேலை. அந்தப் படங்களைத் திரையில் போட்டு, கண்ணாடி மாட்டிச் சரிபார்ப்பது கயானின் வேலை. கயான் குருநாகல்காரன், என்னோடு ஒன்றாகப் படித்தவன். அவன் பார்த்து "சரி" என்றால் சரி. எனக்குக் கணக்கு இருந்தது, அவனுக்குக் கண் இருந்தது. இந்தப் பங்கீட்டில் என்ன கோளாறு என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அப்படியிருக்கத்தான் கணினிப் பார்வை ஆய்வு மாநாடு எங்கள் மாத்தளை மாவட்டத்துக்கே வந்தது. தம்புள்ளைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் ஏற்பாடு. வெளிநாட்டிலிருந்து வரும் பேராசிரியை ஒருவர், அங்கே வாசிக்கப்படும் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவரைத் தன் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டம் படிக்க எடுத்துக்கொள்வாராம். இதைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் கனவில்கூட ப்ரொஜெக்டர் பழுதாகிறது.

கயானும் நானும் சேர்ந்து எழுதிய கட்டுரையோடு நாங்கள் காட்டப்போவது பல்லேபொலவில் எடுத்த படம். ஒரு வீட்டுத் தோட்டம், முன்னால் மிளகுக் கொடி, பின்னால் மலை. இடது கமராவின் படத்தை ஒரு ப்ரொஜெக்டரும் வலது கமராவின் படத்தை இன்னொன்றும் ஒரே திரையில் போடும். இரண்டுக்கும் முன்னால் வேறு வேறு வடிகண்ணாடி, அதாவது ஃபில்டர், பொருத்தவேண்டும். அப்போதுதான் இடது படம் இடது கண்ணுக்கும் வலது படம் வலது கண்ணுக்கும் போய், கொடி திரையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வடிகண்ணாடிகளை மாற்றிப் பொருத்தினால் முன்னால் இருப்பது பின்னால் போய்விடும். அதற்காகவே கயான் இரண்டிலும் அடையாளத் துண்டு ஒட்டியிருந்தான்.

மாநாட்டன்று காலையில் ஹோட்டலில் பெட்டியைத் திறந்தேன். இரண்டு துண்டுகளும் கழன்று பெட்டிக்கு அடியில் கிடந்தன. வடிகண்ணாடிகள் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. கயானுக்குப் போன் பண்ணினேன்.

"கலேவெலவுல நிக்கிறேன்," என்றான் சிங்களத்தில். "பஸ் உடைஞ்சிடுச்சு. வேற பஸ் வருதாம். நீ ஒண்ணும் பயப்படாத. ஏதாவது ஒரு பக்கம் மாட்டிட்டு, கண்ணாடி போட்டுப் பாரு. கொடி முன்னுக்கு இருக்கா, பின்னுக்கு இருக்கா?"

மாட்டினேன். பார்த்தேன். "முன்னுக்கு."

"நிச்சயமா?"

"கயான், கொடி மலைய மறைக்குது. பின்னுக்கு இருந்தா எப்பிடி மறைக்கும்?"

"அதுவும் சரிதான்," என்றான். அவன் குரலில் ஒரு சந்தேகம் இருந்ததை நான் கவனித்தேன். (கவனிச்சு என்ன செய்ய? பஸ் பழுதான கவலையில பேசுறான்னு நெனச்சேன்.)

போனை வைக்கவும் என் அம்மாவும் அப்பாவும் வந்து சேரவும் சரியாக இருந்தது. அப்பா தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வரவேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும், மாத்தளையிலிருந்து நாவுல வழியாக பஸ் ஏறி, சாப்பாட்டுப் பார்சலோடு வந்துவிட்டார்கள். அம்மா கலியாண வீட்டுக்குப் போகிற சேலை கட்டியிருந்தார்.

"பாப்பா, மூஞ்சி என்ன இப்பிடி வெளுத்துக் கெடக்கு? காலையில சாப்பிட்டியா?"

"ஏசி கூடுதலும்மா. பின்னுக்குப் போயி உக்காருங்க. யார்கிட்டயும் பேசாதீங்க."

என் முறை வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் அந்தப் பேராசிரியை, கட்டையாக வெட்டிய நரைத்த முடியோடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் துறைத் தலைவர். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். நான் படத்தைப் போட்டேன்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கண்களைக் கசக்கினாள். எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. துறைத் தலைவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனபோதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது.

"இப்போது காற்றில் அசையும் மிளகுக் கொடி உங்களை நோக்கி வரும். தயவுசெய்து பயப்படவேண்டாம்," என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

கொடி அசைந்தது. ஆய்வுகூடத்தில் பழகிய பழக்கம், நான் தலையைச் சாய்த்தேன். மண்டபத்தில் வேறு ஒருவரும் சாயவில்லை. கொடி அவர்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருக்க, மேடையில் ஒருத்தி மட்டும் அடிக்குத் தப்புவதுபோலக் குனிந்து நிற்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் நன்றாகவே கேட்டது.

"ஏங்க, கொடி உள்ளுக்குப் போவுது, மல நம்ம மேல வருது. எனக்குத் தல சுத்துதுங்க."

"பேசாம இரு," என்றார் அப்பா. "அவ படிச்சவ. அப்பிடித்தான் செஞ்சிருப்பா."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு கயான் வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. வாசலில் இருந்த ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தான். பார்த்த உடனே, "ஐயோ, மாறிப் போச்சு," என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு ப்ரொஜெக்டர்களிடம் ஓடி, இரண்டு வடிகண்ணாடிகளையும் கழற்றி இடம் மாற்றினான்.

மண்டபம் முழுவதும் ஒரே மூச்சில் "ஆ" என்றது. யாரோ கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் கொடியைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினார்.

நான் திரையைப் பார்த்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தேன். அதே கொடி, அதே மலை. சற்று முன் இருந்த படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக இவர்கள் யாரும் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே உண்மையாகவே ஏதோ இருக்கிறது, எனக்கு மட்டும் அது இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு, மைக்கில் நானும் "ஆ" என்றேன்.

பேராசிரியை பேனாவை மூடினார்.

தேநீர் இடைவேளையில் அவர் என்னைத் தேடி வந்தார். அம்மாவும் அப்பாவும் கயானும் என்னைச் சுற்றி, கைதானவளுக்குக் காவல் நிற்பதுபோல நின்றார்கள். பேராசிரியை பையிலிருந்து புள்ளிகள் அச்சடித்த ஓர் அட்டையை எடுத்து, கண்ணாடி மாட்டிப் பார்க்கச் சொன்னார்.

"இதில் எந்த வட்டம் மேலே எழும்பி நிற்கிறது?"

என் வழக்கப்படி கயானின் முகத்தைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுவுமில்லை," என்றேன். துறைக்கு வந்த பிறகு நான் பார்த்துச் சொன்ன முதல் பதில் அது.

சின்ன வயதில் மாறுகண் இருந்ததா என்று கேட்டார். நான் அதை அம்மாவிடம் தமிழில் கேட்டேன்.

"ஆமா, ஒரு கண்ணு ஓரமாப் போவும். கண்ணாடி போட்டு நேராக்கிட்டோமே," என்ற அம்மா அப்பாவைப் பார்த்தார். "நாங்க ஏதும் பெசகிட்டோமா?"

இல்லை என்று பேராசிரியை அம்மாவின் கையைப் பிடித்தார். கண் நேரானாலும் சிலருக்கு இரண்டு கண்களின் படமும் மூளையில் ஒன்றாகச் சேர்வதில்லையாம். அவர்களுக்கு ஆழம் தெரிவது ஒன்று இன்னொன்றை மறைப்பதாலும் நிழலாலும்தானாம். காலையில் போனில் பேசியதைக் கயான் சொன்னான். நான் கொடி முன்னுக்கு என்று சொன்னதும் பொய்யில்லையாம். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சுவையே தெரியாமல் இவ்வளவு நன்றாகச் சமைத்திருக்கிறீர்கள்," என்றார்.

நான் சிரித்துவைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பேராசிரியை அந்த வருடம் எடுத்துக்கொண்டது கயானை. நியாயம்தான். ஆனால் போகும்போது அவர் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். இடது வலது மாறினால் எல்லோரும் கண்ணால் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதனால் கணினியே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று மெனக்கெட யாருக்கும் தோன்றுவதில்லை, உங்களுக்கு மட்டும்தான் அது அவசியம் என்றார். அதை எழுதத்தான் அடுத்த வருடம் போனது. முன்பின் மாறிப் படம் தலைகீழ் ஆழத்தில் இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் கணினி நிரல் அது. வேறொரு மாநாட்டில் அதை வாசித்தபோது, எனக்கு ஆழம் தெரியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யார் முகத்தையும் பார்த்துத் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை. இன்று நான் கற்பிக்கும் வேலை அந்த நிரலால் கிடைத்தது.

வீட்டில்தான் மரியாதை போய்விட்டது. நான் எதற்காவது சட்டென்று தலையாட்டினால் போதும், அப்பா கேட்பார்: "பாத்துட்டுச் சொல்றியா, கயானக் கேட்டுட்டுச் சொல்றியா?" சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர்கள், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா புதுச் சேலை ஒன்றை விரித்துக் காட்டி, கரை எடுப்பாக இருக்கிறதா என்று கேட்டார். நல்லா இருக்கும்மா என்றேன். அம்மா என் போனை எடுத்து, வெளிநாட்டில் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்த கயானுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, சேலையைத் திரைக்கு முன்னால் பிடித்தார்.

அவன் கண்ணைக் கசக்கிப் பார்த்து, "நல்லா இருக்கு அம்மா," என்ற பிறகுதான் அதை மடித்து அலுமாரியில் வைத்தார்.