இரண்டு முந்தானைச் சேலை

நம் ஊரில் 'ஸ்டெடி ஆசாமி' என்று ஓர் இனம் உண்டு. முப்பது வருஷமாகக் குடிப்பார்; தெருவில் நேராக நடப்பார்; யாரையும் ஏசமாட்டார்; ஆகவே தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார். ஆகியிருக்கிறதா என்று சொல்ல வேண்டிய மூளையே அந்தச் சரக்கில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது என்பதை யார் போய் அவரிடம் சொல்வது?

காஞ்சிபுரத்துப் பரமசிவத்தைப் பாருங்கள். பட்டு நெசவு, வயது அறுபதுக்கு மேல். மதுவிலக்குக் காலத்தில் ஊருக்கு வெளியே புதர் மறைவில் குடித்தவர், 1971-இல் சாராயக் கடை திறந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பகலிலேயே கௌரவமாகப் போய்வர ஆரம்பித்தார்.

"எனக்கா மூள மழுங்கிடிச்சி? எந்த வருஷத்துக் கருட சேவை வேணும், கேளுப்பா!" என்று சவால் விடுவார். கேட்டால், சின்ன வயதில் பார்த்த கருட சேவையில் எந்தத் தெருமுனையில் மழை பிடித்தது, யார் குடை கொண்டுவந்தார், அந்தக் குடையில் எங்கெங்கே ஓட்டை என்பதுவரை சொல்லுவார். காலையில் இட்லி தின்றாரா என்பது மட்டும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்வாரா? வாலாஜாபாத்திலிருந்து மச்சான் வந்ததாகவும், இருவரும் ஓட்டலில் பூரி தின்றதாகவும், மச்சான் சட்டையில் கிழங்கு சிந்தியதாகவும் அந்த நிமிடமே ஒரு கதை கட்டி, தாமே அதை நம்பியும் விடுவார். பொய் சொல்கிறவனுக்காவது அது பொய் என்று தெரியும்.

மகள் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஊரார் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அப்பா நெய்வதைப் பார்த்தே வளர்ந்தவள். தன் முகூர்த்தச் சேலையும் அவர் கையால்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பரமசிவமும் தறியில் இறங்கினார். முதலில் ஜரிகை முந்தானை. பிறகு அரக்கு நிற உடல். நெய்தது நெய்ததாக உருளையில் சுற்றிக்கொண்டே போகும், தொடக்கம் கண்ணுக்குத் தெரியாது. உடல் முடிந்த அன்று கடைக்குப் போய்விட்டு வந்தார். அடடா, முந்தானையே போடவில்லையே என்று பட்டது. உட்கார்ந்தார். ஒரு குறையும் இல்லாமல் இன்னொரு முந்தானையை நெய்து முடித்தார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சேலையை விரித்த மனைவி பொன்னியம்மாள் அலறினாள். "இன்னாய்யா இது, ரெண்டு பக்கமும் முந்தானை?"

"இதாம்மே புது பேஷன்! மாப்பிள்ள ஊட்லதான் கேட்டாங்க. நீயும் பக்கத்துல நின்னுக்கினு இருந்தியே!"

வள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் அத்தனை பெருமை.

"உடும்மா," என்றாள் தாயிடம். "ஒண்ண தோள்மேல போட்டுக்கறேன், ஒண்ண உள்ள சொருவிக்கறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அப்படியே கட்டிக்கொண்டாள். தாலி ஏறியதும் வந்து காலில் விழுந்தவளை ஆசீர்வதித்த பரமசிவம், சேலையை விரலால் தடவிப் பார்த்து மலர்ந்துபோனார்.

"சோக்கான வேல! யாரு தறிம்மா இது?"

"நீதான் நைனா நெய்தே."

"தெரியாதா பின்ன? உனக்கு நெனப்பு இருக்குதான்னு பாத்தேன்!"

சிரிக்கிறீர்கள். பாவம் என்றும் சொல்கிறீர்கள். 'நல்லவேளை, நாம் அளவோடு நிறுத்திக்கொள்கிறோம்' என்று மனசுக்குள் சொல்லியும் கொள்கிறீர்கள். ரொம்ப நல்லது. இதையே உங்கள் வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முன்பே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.