மொட்டைமாடியில் என் பைன் மர அறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாருக்கும் பயந்தவன் அல்ல. என் மனைவி வேல்விழிக்கும்தான். அவள் ஒன்றை வேண்டாம் என்றால், அதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படிப்பட்ட நான், போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டின கைலியோடு தெருவில் நின்றுகொண்டிருந்தேன். காரணம், உள்ளே ஹாலில் வேல்விழி அடுத்த தெரு ஜெப்ஸிக்கு ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். ஹால் முழுக்கத் தையல்கடைதான். என் நாற்காலியில் துணி. டிவி மேல் லேஸ். செய்தித்தாளை விரித்தால் கழுத்து டிசைன் வெட்டியிருக்கும். யாராவது அளவு கொடுக்க வந்துவிட்டால், "கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்பாள்.

அன்றைக்கு மழையும் பிடித்துக்கொண்டது. நனைந்தேன். நனைந்துகொண்டே தீர்மானம் போட்டேன். மொட்டைமாடியில் எனக்கென்று ஓர் அறை கட்டுவேன். உள்பக்கம் தாழ்ப்பாள் வைப்பேன். அப்புறம் ஊரே அளவு கொடுக்க வந்தாலும் நான் நகரமாட்டேன்.

செங்கல் வைத்தால் மாடி தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். அப்படியானால் மரம்தான். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பைன் மரம் தினமும் என் கண் முன்னால்தான் இறங்குகிறது. அறுப்பதற்கு யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காயல்பட்டினத்துத் தமீம் போன் செய்தான். மரக்கடைக்காரன். அவன் மனைவி ஆமிராவும் வேல்விழியிடம்தான் தைக்கக் கொடுப்பாள்.

"அண்ணாச்சி, இருக்க எடத்துக்கே கொண்டு போய் மரம் அறுக்குற மிஷின் ஒண்ணு வாங்கிருக்கேன். உங்களுக்குப் பலகை ஏதும் வேணுமா?"

தெய்வமே லைனில் வந்தது போலிருந்தது. நேரே வேல்விழி முன்னால் போய் நின்றேன்.

"ஏளா, மாடியில மர ரூம் போடப் போறேன்."

அவள் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வேண்டாம்."

"ஏன்?"

"சும்மா கெடக்க மாடி சும்மாவே கெடக்கட்டும்."

"போடுவேன்!"

"அப்ப பைன் மரம் மட்டும் வேண்டாம். கரையான் ஏறும்."

"மருந்தடிச்சு பைன்லதான் போடுவேன்!"

"நான் சொன்னா நீங்க என்னைக்குக் கேட்டிய?"

"இன்னைக்கும் கேக்க மாட்டேன்!"

அவள் அடுத்த காஜாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் ஆம்பிளை என்று ஒருவன் இருக்கிறான் என்பது தெரிந்திருக்கும்.

பொங்கல் கழிந்து, பக்கத்துக் காலி மனையில் மரங்கள் வந்து இறங்கின. பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். கை எட்டவில்லை. தமீமின் மிஷின் இரண்டு தண்டவாளத்தின் மேல் ஓடும். நடுவில் மரத்தைக் கிடத்தி, பெட்ரோல் இன்ஜினும் பிளேடும் மாட்டிய தலைப்பகுதியைக் கையால் தள்ளிக்கொண்டு போனால் பலகை விழும். தள்ளும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் பலகை ஒரு முனையில் ஒரு விரல் கனம். மறுமுனையில் நாலு விரல்.

"அண்ணாச்சி, மெதுவா தள்ளுங்க. அவசரப்பட்டா பிளேடு கோணலா ஓடிரும்."

"எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

அடுத்த பலகை நெளிந்து நெளிந்து வந்தது. அதற்குப் பிறகு மெதுவாகத் தள்ளினேன். அது நானாக எடுத்த முடிவு.

பெரிய மரத்தின் முறை வந்தபோது வேல்விழி டீயோடு வந்தாள். மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இதைப் பிளந்து சின்னச் சின்னப் பலகையாப் போட்டிருங்க. இம்புட்டு அகலத்துல நமக்கு எதுக்கு?"

"தமீம்! அப்படியே முழுசா ஏத்து!"

"மிஷின்ல மட்டுமட்டாத்தான் நுழையும், அண்ணாச்சி."

"நுழைஞ்சா போதும்!"

கடப்பாரை போட்டு உருட்டி ஏற்றினோம். பக்கங்களைச் சீவிவிட்டு, மரத்தின் நடுவயிற்றில் பிளேடை விட்டேன். ஒவ்வொரு கணுவிலும் இன்ஜின் முக்கியது. நானும் முக்கினேன். தலை, மீசை, டீ எல்லாவற்றிலும் மரத்தூள். கடைசியில் ஒரே பலகையாக இறங்கியது. ஓர் ஆள் கைகாலை நீட்டிப் படுக்கலாம். பிசின் வாசனையோடு அது பளபளத்துக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையால் அறுத்தது!

"இதை மேசையா மட்டும் ஆக்கிராதிய" என்றாள்.

அப்புறம் என்ன, மேசைதான்.

இடையிடையே ரீப்பர் கட்டை கொடுத்து அடுக்கி, பங்குனி முடியும் வரை பலகைகளை நிழலில் காயவிட்டு, பிறகு ஆசாரியைக் கூப்பிட்டேன். வேல்விழி சும்மா இருப்பாளா? கிழக்கே ஜன்னல் வேண்டாம், வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்றாள். கிழக்கே இரண்டு ஜன்னல் வைத்தேன். ஒரு ஆள் நுழைகிற மாதிரி வாசல் போதும் என்றாள். இரட்டைக் கதவு போட்டேன். அடுக்கி வைக்க உங்ககிட்ட என்ன இருக்கு என்றாள். சுவர் முழுக்கத் தட்டு அடித்தேன். மேசைப் பக்கம் பிளக் பாயிண்ட் கூடவே கூடாது என்றாள். தாராளமாக வைத்தேன். ஒரு சொல்லில்கூட அவளை ஜெயிக்க விடவில்லை.

அறை முடிந்த அன்று, கொண்டாட்டமாகச் சாளை மீன் வாங்கி வந்தேன். ஹால் வெறிச்சென்று கிடந்தது. மாடியிலிருந்து கடகடவென்று சத்தம்.

மீன் பையோடு ஏறினேன். இரட்டைக் கதவு வழியாகத் தையல் மிஷின் உள்ளே போயிருந்தது. கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வேல்விழி தைத்துக்கொண்டிருந்தாள். என் மேசையில் முழுச் சேலை விரித்திருந்தது. தட்டு நிறைய நூல்கண்டு. பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டி. ஆமிரா துணியோடு நின்றாள். மிஷினைத் தூக்கி வந்த தமீம் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏளா, இது என் ரூம்!"

"உங்க ரூம்தான். நான் இல்லேன்னா சொல்லுதேன்? மாடியில ஒரு ரூம் போடுங்க, மிஷினை அங்க கொண்டு போயிருவோம்னு ரெண்டு வருசமாக் கேட்டேன். முடியாதுன்னே சொன்னிய. அதான் வேண்டாம்னு கேக்க ஆரம்பிச்சேன்."

தமீம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, உங்களுக்குப் போன் போடச் சொன்னதே ஆமிராதான். வேல்விழி அக்கா சொல்லிச்சாம்."

"சரி சரி, ஆமிராவுக்கு அளவு எடுக்கணும்" என்றாள் வேல்விழி. "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

வெளியே வந்தோம். என் தாழ்ப்பாள் உள்பக்கமாக விழுந்தது. தமீம் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டான். கதவுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏங்க, மீனை அங்கன வச்சிருங்க. நீங்க கழுவ வேண்டாம். உங்களுக்குச் சரியா வராது."

எனக்கா சரியா வராது? விறுவிறுவென்று கீழே இறங்கினேன். அத்தனை சாளையையும் செதில் உரசி, குடல் எடுத்து, அலசி, மசாலாவும் தடவி முடித்தேன். எவளுக்கு நான் பயப்பட வேண்டும்?

மாடியிலிருந்து வேல்விழி எட்டிப் பார்த்தாள்.

"பொரிச்சிராதிய, சொல்லிட்டேன்!"

எண்ணெய் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது.